கல்குவாரிக்காரர் பேனரில் அம்மையப்பன்

அபுதாபி பக்கம் முசஃபாவில் வெல்டர் வேலை பார்க்கும் அம்மையப்பனை ரூமில் எல்லோரும் ‘சிஐடி’ என்றுதான் கூப்பிடுவார்கள். பெரம்பலூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரர். முன்பொரு முறை டிரைவர் வேலை என்று சொல்லி அழைத்துப்போன ஏஜென்ட் மஸ்கட்டில் மூட்டை தூக்க விட்டதிலிருந்து, யார் சிரித்துப் பேசினாலும் அவருக்குச் சந்தேகம்தான்.

ஒரு விடுமுறை நாளில் சூப்பர்வைசர் ரவிசங்கர் கேம்புக்கு மட்டன் பிரியாணி கொண்டுவந்தார். அவரும் பெரம்பலூர்க்காரர்தான். சாப்பாடு முடிந்ததும் ஆளுக்கொரு போட்டோவும் பாஸ்போர்ட் காப்பியும் கேட்டார்.

“இன்சூரன்ஸுக்குப்பா.”

“அது போன மாசந்தானே சார் புதுப்பிச்சாங்க?” என்றார் அம்மையப்பன்.

“சிஐடி ஆரம்பிச்சுட்டாருடா!” என்று அடுத்த கட்டில் மணிகண்டன் கத்த, ரூமே சிரித்தது. எல்லோரும் கொடுத்தபோது அவரும் கொடுத்தார். மனசு மட்டும் ஒப்பவில்லை.

அடுத்த மாதம் சாப்பாட்டு இடைவேளையில் மனைவி ஜெயமணி போன் செய்தாள். குரலே சரியில்லை.

“ஏங்க, குவாரிக்காரனுக்கு எலெக்சன் நன்கொடை குடுத்தீங்களா?”

“எந்தக் குவாரிக்காரன்?”

“நம்ம வீட்டுச் செவுத்த வெடி வெச்சே பொளந்தானே, அவன்தான். இப்ப வேட்பாளரு. ‘நன்கொடை தந்த வளைகுடாச் சொந்தங்களுக்கு நன்றி’ன்னு பஸ் ஸ்டாப்புல பேனரு. அதுல மூணாவது உங்க மொகம்.”

அந்தக் குவாரியை மூடச் சொல்லி மனுக் கொடுத்த பெண்களில் முன்னால் நின்றவள் ஜெயமணி. இப்போது குழாயடியில் அவளிடம் ஒருத்தியும் பேசுவதில்லை. புருசன் குவாரிக்காரனுக்குக் காசு கொடுக்கிறான், பெண்டாட்டி போராடுகிற மாதிரி நடிக்கிறாள் என்று பேச்சு.

அன்று சாயங்காலமே அம்மையப்பன் ரவிசங்கர் முன்னால் போய் நின்றார். குவாரிக்காரர் ரவிசங்கரின் சொந்த மச்சான் என்பது அப்போதுதான் தெரிந்தது.

“ஒரு ஆளுகிட்ட ரொக்கமா ரெண்டாயிரத்துக்கு மேல கட்சி வாங்கக் கூடாதுன்னு சட்டம் அம்மையப்பா. மச்சான் பணத்தப் பிரிச்சுக் கட்டப் பேரு வேணும்ல? உன் கைக்காசு ஒண்ணும் போகலயே! பேனரு வெச்சது எவனோ ஒரு கூறுகெட்டவன்.”

“என் பேரு போச்சே சார்.”

“கான்ட்ராக்ட் புதுப்பிக்கிற நேரம். பார்த்துப் பேசு.”

கேம்புக்கு எதிரே மளிகைக் கடை வைத்திருக்கும் கீழக்கரை முகம்மது சித்தீக்கிடம் போய்ச் சொன்னார்.

“அவர் பயமுறுத்துறாரா? அனுமதியில்லாம இந்த நாட்டுல வசூல் பண்ணினதாப் பேச்சு வந்தாலே அவர் கதை கலாஸ் தம்பி. பயப்பட வேண்டியவர் அவர்தான்” என்றார் சித்தீக். “ஆனா நீங்க இங்க எதையும் ஃபேஸ்புக்ல போட்டு வெக்காதீங்க. சொல்ல வேண்டியத ஊர்ல சொல்லுங்க.”

அம்மையப்பன் போனில் வீடியோவை ஓடவிட்டு, அதைப் பார்த்துப் பேசினார். “நான் யாருக்கும் ஒத்த ரூபா குடுக்கல. என் போட்டோவ இன்சூரன்ஸுன்னு சொல்லி வாங்குனாங்க.” அவ்வளவுதான். அதை ஜெயமணிக்கு அனுப்பினார். அவள் குழாயடியில் சத்தமாகப் போட்டுக் காட்டிவிட்டு, அதே கையோடு தேர்தல் அதிகாரியிடம் போனாள்.

மறுநாளே பேனரைக் காணோம். அதிகாரி வீடியோ காலில் அம்மையப்பனை விசாரித்தார். ரூமில் மற்றவர்களையும் கேட்டார். மணிகண்டன் தலை குனிந்தபடி, “நான் விருப்பப்பட்டுத்தான் சார் நன்கொடை குடுத்தேன்” என்றான். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். நன்கொடைப் பட்டியலிலிருந்து அம்மையப்பன் பேரை மட்டும் நீக்கினார்கள். குவாரிக்காரர் மேல் வழக்கு நிற்கவில்லை. தேர்தலில் அவர் ஜெயித்தார்.

ரவிசங்கர் அம்மையப்பனை வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பினால் இங்கே விசாரணை வருமோ என்று பயம். வெகு தொலைவிலுள்ள ருவைஸ் சைட்டுக்கு மாற்றிவிட்டார். அங்கே வெயிலும் அதிகம், முகம் தெரிந்தவர்களும் கிடையாது. போன முதல் வாரத்திலேயே ஜெயமணி போன் செய்தாள். குழாயடிப் பெண்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள் என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கினாள்.

“கோவிச்சுக்காதீங்க. நெசமாவே குடுக்கலதானே?”

“குடுக்கல ஜெயமணி.”

“சரிங்க” என்றாள் அவள். நம்பினாளா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை.