கொலுவுக்கு வராதவள்

எனக்குப் பதினைந்து வயதில் பாரிசவாயு வந்தது. நாலு நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்தால் வலது கையும் காலும் என் பேச்சைக் கேட்கவில்லை. கையை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார் டாக்டர். அம்மா தினமும் ரசத்துக்கு என்னைப் புளி கரைக்க வைத்தாள். பாதிப் புளி தரையில்தான் இருக்கும். ஒரு வார்த்தை சொல்லமாட்டாள், துடைத்துவிட்டுப் போவாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கால் இழுத்து இழுத்தாவது நடந்தது. கை வரவில்லை. அதற்குள் நவராத்திரி வந்துவிட்டது. கொலுவுக்கு வருகிறவர்களுக்கு வீட்டுப் பெண் குங்குமமும் தாம்பூலமும் கொடுக்க வேண்டும். இடது கையால் கொடுத்தால் யார் வாங்குவார்கள்? நான் கும்பகோணத்தில் மாமா வீட்டில் இருப்பதாக அம்மா சொல்லிவிட்டாள். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பயந்து மயிலாப்பூரில் பாதிப் பேர் பெண் குழந்தைகளை வெளியூருக்கு அனுப்பியிருந்த சமயம். யாரும் சந்தேகப்படவில்லை.

என்னைக் கொல்லைத் தாழ்வாரத்தில் உட்கார்த்தினார்கள். பாட்டெல்லாம் காதில் விழுந்தது. அப்பாகூட யாரிடமோ, "சௌக்கியமா இருக்கா, கடுதாசி போட்டிருக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எழுதத்தான் எனக்குக் கை இல்லையே. உடம்பெல்லாம் கூசியது.

சுண்டல் சாப்பிட்ட கையை அலம்பக் கிணற்றடிக்கு வந்தாள் என் வகுப்புத் தோழி. என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏண்டி, நீ கும்பகோணத்துல இருக்கேன்னாளே மாமி?"

"காத்தாலதான் வந்தேன்."

"அப்போ ஏன் இங்க உட்காந்துண்டிருக்கே? வா, எழுந்திரு." என்னைத் தூக்கிவிட வலது கைப் பக்கமாகக் குனிந்தாள்.

"தொடாதே. நான் தூரம்" என்றேன்.

மாதவிலக்காகித் தூரமானவளை யாரும் தொடமாட்டார்கள், ஏன் தனியாக உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்கவும் மாட்டார்கள். அவள் சட்டென்று பின்வாங்கினாள். "வந்ததும் வராததுமாவா, பாவம்டி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். தாவணிக்குள் சுருட்டி வைத்திருந்த கையை அவள் பார்க்கவில்லை.

கதவருகில் குங்குமச் சிமிழோடு அம்மா நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். பக்கத்தில் வந்து என் தலையைத் தடவினாள்.

"சமத்துடி நீ" என்றாள்.

படுத்த நாளிலிருந்து அம்மா என்னை மெச்சியது அன்றைக்குத்தான். வெட்கக்கேடு, எனக்குச் சந்தோஷமாக இருந்தது.