முந்திரி எண்ணெய் காத்த இஞ்சின்

இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். காடாம்புலியூரில் ஊரார் தோப்பில் முந்திரிக்கொட்டை பொறுக்கிய குடும்பம். ஆனாலும் நெய்வேலியில் டீசல் இஞ்சினைப் பிரித்து மாட்டத் தெரிந்த முதல் உள்ளூர்க்காரன் யார் என்று அந்தக் காலத்து ஆட்களைக் கேட்டுப் பாருங்கள். கொளஞ்சியப்பன் என்பார்கள். வேறு பெயர் சொன்னால் அவர் பிறகு வந்தவர்.

1958இல் மண் சுமக்கத்தான் சேர்ந்தேன். சுரங்கத்துக்கு ஆள் ஏற்றிப் போக மூன்று பெட்டியோடு ஒரு சின்ன டீசல் இஞ்சின் ஓடியது. வெளிநாட்டுச் சரக்கு. ஒரு நாள் பாதி வழியில் நின்றுவிட்டது. ஷிப்டுக்குப் போகிறவர்கள் எல்லாரும் இறங்கி நடந்தார்கள். நான் நடக்கவில்லை. ஃபிட்டர் குழாயைக் கழற்றுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இரண்டே வருடத்தில் அந்த ஃபிட்டருக்கே நான் சொல்லிக்கொடுத்தேன். பெர்மனென்ட் ஆனது, குவார்ட்டர்ஸ் கிடைத்தது, கல்யாணம் நடந்தது எல்லாம் அந்த இஞ்சினால்தான்.

1965இல் பஸ்கள் வந்துவிட்டன. உதிரிச் சாமான் கிடைக்கவில்லையென்று இஞ்சினை ஷெட்டுக்கு வெளியே தள்ளினார்கள். வடக்கே ரயில் காட்சிசாலை வைக்கப்போகிறார்கள், தை மாதம் ஒரு அதிகாரி வந்து பார்ப்பார், அவர் வேண்டாமென்றால் மறுநாளே வெட்டிப் பழைய இரும்பாகப் போட்டுவிடுவார்கள் என்று எங்கள் இன்ஜினியர் சண்முகசுந்தரம் சொன்னார். திருநெல்வேலிக்காரர்.

"மழையில துரு ஏறிக் கிடந்தா அவரு எதுக்குவே எடுக்கப் போறாரு?" என்றார்.

எங்கள் ஊரில் கரையான் அண்டாமல் உத்திரத்துக்கு முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கிற எண்ணெயைப் பூசுவோம். மரத்தைக் காப்பது இரும்பைக் காக்காதா? நாலு டின் வாங்கிவந்து ஒரு இடம் விடாமல் பூசினேன். பட்ட இடத்தில் தோலை உரிக்கிற எண்ணெய் அது. இரண்டு கையும் கொப்புளம்.

என் வீட்டுக்காரி வள்ளியம்மாள் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள்: "என்னைக் கட்டிகினு வந்து நாலு வருசம். என் தலைக்கி ஒரு சொட்டு எண்ணெ வச்சதில்ல. அதுக்கு நாலு டின்னு. அதயே கட்டிகினு இருந்திருக்கலாம்."

"அது சோறாக்காதே" என்றேன்.

அந்த வருடம் பேய்மழை. இஞ்சினில் பொட்டுத் துரு இல்லை.

சொன்னபடி தையில் அதிகாரி சக்கரபாணி வந்தார். இரண்டு தரம் சுற்றிப் பார்த்தார். "இந்த மாதிரி ரெண்டே இஞ்சின்தான் நம்ம நாட்டுக்கு வந்துது. ஒண்ணை வெட்டிட்டாங்க. இது மத்ததுதான்னு காட்ட கம்பெனி நம்பர்த் தட்டு வேணும். எங்கே?"

ஷெட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. பித்தளைத் தட்டு, யாரோ கழற்றிக்கொண்டு போயிருப்பான் என்றார்கள். சக்கரபாணி ஃபைலை மூடிவிட்டு ஜீப் பக்கம் நடந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு இடம் விடாமல் பூசினேன் என்றேனே, தட்டையும் விடவில்லை. பித்தளை துருப்பிடிக்காது என்று தெரியாதவனா நான்? பூசுகிற வேகம்.

"ஐயா, அரை மணி குடுங்க. தட்டு எங்கியும் போவல. என் எண்ணெக்கி அடியில கிடக்குது."

"தட்டுல எதுக்கய்யா பூசினே?"

"அதுவும் இஞ்சின்தானுங்களே."

சண்முகசுந்தரம் தலையில் கைவைத்துக்கொண்டார். எண்ணெய் தார் போல இறுகியிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றித் தேங்காய் நாரால் தேய்த்தேன். கருப்பு போயிற்று, எழுத்து தெரியவில்லை. வீட்டுக்குச் சைக்கிளில் ஆள் விட்டேன். வள்ளியம்மாள் புளி உருண்டையோடு வந்தாள்.

"தள்ளிக்கங்க. பித்தளை வெளக்கறது ஆம்பளைக்கி எங்க தெரியப்போவுது."

அவள் தேய்க்கத் தேய்க்க எண் ஒவ்வொன்றாக எழும்பியது. சக்கரபாணி ஃபைலைத் திறந்து ஒத்துப் பார்த்தார், பொருந்தியது. பிறகு பேனாக் கத்தியால் இஞ்சின் உடம்பில் கொஞ்சம் சுரண்டினார். உள்ளே பச்சைப் பெயிண்ட், வந்த நாளில் இருந்தது போலவே.

"மிச்சத்தைச் சுரண்டிடாதீங்க. காட்சிசாலை போய்ச் சேர்ற வரைக்கும் இந்தக் கோட்டே இருக்கட்டும்" என்று சண்முகசுந்தரத்திடம் சொன்னார். என்னைப் பார்த்தார். "பூசினது யாருன்னு எழுதணும். பேரு?"

சொன்னேன். எழுதினார்.

"வெளக்கினவ பேரு வேணாங்களா?" என்றாள் வள்ளியம்மாள்.

அதையும் எழுதினார். என் பெயருக்குக் கீழேதான்.