இடுப்பில் பிள்ளையோடு தட்டிய கதவுகள்

அக்கா மகள் தர்ஷினியைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினால் நழுவுவாள். மற்றப் பிள்ளைகள் தோளை இறுக்கிக்கொண்டு நம் கையில் நிற்கும். இவள் எண்ணெய் தேய்த்தவள்போல உருவிக்கொண்டு கீழே போவாள். அதுதான் முதல் அறிகுறி. எங்களுக்கு அது அறிகுறி என்றே தெரியவில்லை. அழாத பிள்ளை, சாதுப் பிள்ளை என்று அம்மா பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார்.

தடுப்பூசி போட வந்த கிராமச் செவிலியர்தான் அவள் கண்களையும் உள்ளங்கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, விருதுநகர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்து, அதற்கு மேலும் படித்தவன் நான் ஒருவன்தான். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். எந்தச் சீட்டு வந்தாலும் என் கைக்குத்தான் வரும். கேரியோடைப் (குரோமோசோம்களை எண்ணிப் பார்க்கும் இரத்தப் பரிசோதனை) முடிவும் அப்படித்தான் வந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்க முடிந்தது. பொருள் புரியவில்லை.

டாக்டர் அக்காவைப் பார்த்து நிதானமாகச் சொன்னார். டவுன் சின்ட்ரோம். உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் குரோமோசோம்கள் (பெற்றோரிடமிருந்து வரும் மரபுச் செய்தியைச் சுமக்கும் இழைகள்) இரண்டிரண்டாக இருக்கும். தர்ஷினிக்கு இருபத்தோராவது இடத்தில் மூன்று இருக்கின்றன. இது நோயல்ல. மருந்து கொடுத்து மாற்றுவதற்கும் ஒன்றுமில்லை. ஆனால் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது.

அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நான் பட்டாசு வேலைக்குப் போனதுனாலயா சார்?"

"இல்லம்மா. பட்டாசையே பார்க்காத ஊர்லயும் இப்படிப் பிறக்குது. நீங்க செஞ்ச எதனாலயும் இல்ல. செய்யாம விட்டதாலயும் இல்ல."

அக்கா தலையாட்டினாள். நம்பவில்லை. நாரணாபுரத்தில் அவள் மாமியார் அதற்கு முன்பே தீர்ப்புச் சொல்லி முடித்திருந்தார். "மாசமா இருக்கையில வெடி மருந்து வாடைக்குள்ள கெடந்தா. இப்பப் பாருங்க." அதே மாமியார்தான் ஐந்தாம் மாதம்வரை அவளைக் கம்பெனி வேனில் ஏற்றி அனுப்பியவர்.

இதைப் படிக்கும் நீங்கள் இப்போது ஏதாவது ஆஸ்பத்திரி பெஞ்சில் அந்தச் சீட்டோடு உட்கார்ந்திருக்கலாம். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். யார் குற்றம் என்ற பேச்சை அந்தப் பெஞ்சிலேயே விட்டுவிட்டு எழுந்திருங்கள். எக்கோ (ஒலியலையால் இதயத்தின் உள்ளே பார்க்கும் ஸ்கேன்) எடுத்தாயிற்றா என்று கேளுங்கள். காது, கண், தைராய்டு (கழுத்தில் இருக்கும், உடல் வளர்ச்சியைக் கவனிக்கும் சுரப்பி) மூன்றையும் எப்போது பார்ப்பார்கள் என்று கேளுங்கள். ஆரம்பநிலைப் பயிற்சி தரும் மையம் எந்தக் கட்டடத்தில் இருக்கிறது, மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு யாரிடம் போக வேண்டும் என்று கேளுங்கள். கேட்டால்தான் பாதி வழி திறக்கிறது. தர்ஷினியின் இதயத்தில் சின்ன ஓட்டை இருப்பது அப்படிக் கேட்டுத்தான் தெரிந்தது. தானாக மூடக்கூடும் என்றார்கள். இன்றுவரை பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அவளுக்குத் தசைத்தளர்ச்சி இருந்தது. கழுத்து நிற்கவும் முதுகு நிமிரவும் வாராவாரம் பயிற்சி வேண்டும். எங்கள் ஊரான தாயில்பட்டியில்தான் அக்கா பிள்ளையோடு இருந்தாள்; அங்கிருந்து விருதுநகருக்கு பஸ் மாறிப் போய்வந்தால் அக்காவுக்கு ஒருநாள் வேலை போய்விடும். தீபாவளி சீசன் நெருங்கியதும் பட்டாசுக் கம்பெனி போர்மேன் சொல்லிவிட்டார்: வந்தால் ஒழுங்காக வா, இல்லாவிட்டால் நின்றுவிடு. பயிற்சி நின்றது. பிடித்து உட்காரவைத்தால் தர்ஷினி மறுபடி முன்பக்கமாக மடிந்து விழ ஆரம்பித்தாள்.

மையத்தில் இருந்த பிசியோதெரபி (உடலியக்கப் பயிற்சி) மேடத்திடம் நான் மட்டும் போய்ச் சொன்னேன்.

"ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. மாசத்துல ரெண்டு ஞாயிறு உங்க ஊருக்கே வர்றேன்" என்றார். "ஆனா ஒரு பிள்ளைக்காக அவ்வளவு தூரம் வர முடியாது தம்பி. இந்த மாதிரி நாலஞ்சு பிள்ளைங்களச் சேருங்க. உங்க பக்கம் கண்டிப்பா இருப்பாங்க."

நான் பார்த்ததேயில்லை. எங்கே இருந்தார்கள்? கிராமச் செவிலியரிடம் கேட்டேன். "பேரெல்லாம் நான் சொல்லக் கூடாது. தெருவுல நீங்களே கேட்டுப் பாருங்க" என்றார்.

ஞாயிறு காலையில் பேண்ட் போட்டு, சட்டையை உள்ளே விட்டு, கையில் ஒரு நோட்டோடு கிளம்பினேன். முதல் வீட்டில் பெண்ணொருத்தி வாசலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, உங்க வீட்ல சின்னப் பிள்ளைக யாராவது..."

"எல்லாப் புள்ளைகளும் பள்ளிக்கொடம் போகுதுக சார். வேலைக்கு யாரும் போகல."

"நான் அதுக்கு வரலம்மா."

"எல்லாரும் அப்பிடிச் சொல்லிட்டுத்தான் வர்றீக."

உள்ளே ஒரு குழந்தையின் குரல் கேட்டது. அவள் குடத்தை அப்படியே விட்டுவிட்டுப் போய்க் கதவைச் சாத்தினாள். தெரு முழுக்க அதே பதில்தான். பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் பிள்ளைகளை அனுப்புகிறார்களா என்று கணக்கெடுக்க ஆட்கள் வந்து வந்து, எங்கள் பக்கத்தில் அந்த வாக்கியம் எல்லார் நாக்கிலும் தயாராக இருக்கும். நான் சிறுவனாக இருந்தபோது என் அம்மாவும் அதைச் சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அக்கா சிரித்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"ஏலே, நோட்டும் பேனாவுமா போய் நின்னா சர்க்காரு ஆளுன்னு நெனைக்காம மாப்பிள்ளைன்னா நெனப்பாக?"

சிரித்து முடித்துவிட்டு எழுந்தாள். தர்ஷினியின் முகத்தைத் துடைத்து, பொட்டு வைத்து, இடுப்பில் தூக்கிக்கொண்டாள். அம்மா பதறிப்போனார்.

"ஏட்டி, ஒன் கொழுந்தனுக்குப் பொண்ணு பாத்துக்கிட்டிருக்காக. கல்யாணம் முடியிறவரைக்கும் புள்ளைய வெளிய காட்டக் கூடாதுன்னு ஒன் மாமியாக்காரி படிச்சுப் படிச்சுச் சொல்லிருக்கா. அவ காதுக்குப் போச்சுன்னா?"

"போகட்டும். அதுவரைக்கும் எம்மக முதுகு காத்துக்கிட்டு நிக்காது."

அதே வீடு. அதே பெண். அக்கா நேராகப் போய் நின்றாள்.

"அக்கா, எம்மகளுக்கு டவுன் சின்ட்ரோம்னு சொல்லியிருக்காக. இன்னும் உக்கார மாட்டேங்குறா. உங்க வீட்ல இது மாதிரி இருக்கா?"

அந்தப் பெண் தர்ஷினியின் கண்ணையே பார்த்தாள். பிறகு அவள் கன்னத்தைத் தொட்டாள். "எம்மகளும் இப்பிடித்தான் நாக்கத் துருத்துவா" என்று சொல்லிக் கதவைத் திறந்தாள். உள்ளே ஆறு வயதுப் பெண் குழந்தை, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது. எங்களைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டியது.

"டாக்டர்ட்ட காட்டுனீகளா?" என்று கேட்டாள் அக்கா.

"பொறந்தப்பக் காட்டுனது. இப்பிடித்தான் இருக்கும்னாக. நாங்களும் இருக்கட்டும்னு விட்டுட்டோம்."

அந்தப் பெண்ணே அடுத்த தெருவில் ஒரு வீட்டைச் சொன்னாள். அந்த வீட்டார் இன்னொரு வீட்டைச் சொன்னார்கள். தீபாவளிக்கு முன்பே பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்கள். அங்கன்வாடி டீச்சர் ஞாயிற்றுக்கிழமைக்குச் சாவி கொடுத்தார். பிசியோ மேடம் சொன்ன சொல் தவறாமல் வந்தார்.

முதல் நாளே அவர் சொன்னது இது: "பிள்ளைங்க ஒவ்வொண்ணும் ஒவ்வொரு நேரத்துல செய்யும். பக்கத்துப் பிள்ளையப் பார்க்காதீங்க. நேத்தைய உங்க பிள்ளையப் பாருங்க." எங்களுக்கு இது எளிதல்ல. எங்கள் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் தீபாவளிதான் கெடு. லோடு போக வேண்டும், ஆர்டர் முடிய வேண்டும், கம்பெனியில் வாங்கிய அட்வான்ஸ் வேலையில் கழிய வேண்டும், எல்லாம் அதற்குள். தர்ஷினி அந்தக் கெடுவுக்குள் வரவில்லை. தீபாவளி வந்தது, போனது. அவள் முதுகு தன் போக்கில் வேலை செய்துகொண்டிருந்தது.

எனக்கும் ஒன்று மாறியது. உட்காருவது ஒரு வேலை என்று முன்பு நினைத்ததில்லை. இப்போது அச்சகத்தில் நாற்காலியில் இருக்கும்போது, இடுப்புக்கு மேலே என்னென்னவோ தாங்கிப் பிடித்துக்கொண்டிருப்பது தெரிகிறது. கற்றுக்கொடுக்காமலே என் உடம்புக்குக் கிடைத்தது அது. ஒரு பிள்ளை அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சம்பாதிப்பதைப் பார்த்த பிறகு, நிமிர்ந்து உட்காராமல் இருக்க வெட்கமாக இருக்கிறது.

பொங்கல் கழிந்த ஒரு ஞாயிறு, பயிற்சி நடக்கும்போதே அக்காவின் மாமியார் அங்கன்வாடிக்கு வந்துவிட்டார்.

"சம்பந்தம் பேசுற நேரத்துல புள்ளையத் தூக்கிக்கிட்டுத் தெருத்தெருவாத் திரியுறியாம்ல?"

"ஆமா அத்தை."

"பொண்ணு வீட்ல கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

"டவுன் சின்ட்ரோம்னு சொல்லுங்க. வாயில நொழையலன்னா என்னையக் கூப்பிடுங்க. நான் வந்து சொல்றேன்."

மற்றத் தாய்மார்கள் பயிற்சியை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமியார் ஒவ்வொரு பிள்ளையாகப் பார்த்தார். அவர் குரல் இறங்கியது.

"கல்யாணத்துக்குள்ளயாவது நடந்துருவாளா?"

"நடந்தா நடந்து வருவா. இல்லாட்டி என் இடுப்புல வருவா. முன் வரிசையில சேர் போட்டு வைங்க அத்தை."

மாமியார் கிளம்பவில்லை. பிசியோ மேடம் கூப்பிட்டார். அக்கா தர்ஷினியைப் பாயில் உட்காரவைத்து முதுகைப் பிடித்தாள்.

"கையை எடுங்க" என்றார் மேடம்.

அக்கா எடுத்தாள். தர்ஷினி முன்னால் சாய்ந்தாள், உள்ளங்கை இரண்டையும் பாயில் ஊன்றினாள், தலையை மெல்ல நிமிர்த்தினாள். அப்படியே இருந்தாள். எவ்வளவு நேரம் என்று எங்களில் யாரும் பார்க்கவில்லை.