திருப்பிச் சொல்லச் சொன்ன டாக்டர்

டாக்டர் சண்முகவடிவு மேடம் இன்று காலை இறந்துவிட்டார். மாரடைப்பு. பாளையங்கோட்டையில், அவர் வீட்டிலேயே.

அழுகை வரும் என்று நினைத்தேன். கோபம்தான் வருகிறது.

எங்கள் டிரஸ்ட் ஆஸ்பத்திரி வாசலில் அதற்குள் ஃபிளெக்ஸ் கட்டிவிட்டார்கள். 'நவீன மருத்துவத்தை ஏழை எளிய மக்களிடம் கொண்டு சென்றவர்' என்று மேடம் படத்துக்குக் கீழே போட்டிருக்கிறது. கொண்டு சென்றவரை வண்டியிலிருந்து இறக்கிவிட்டது யார் என்று போடவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் இருக்கிறதா என்று ஊர் ஊராகப் போய்ப் பார்க்கும் மேமோகிராம் வண்டியில் நான் டெக்னீஷியன். படம் எடுப்பது என் வேலை, பார்த்துச் சொல்வது மேடம் வேலை.

ஒரு வரியில் சொல்லி அனுப்புகிற ஆள் இல்லை அவர். வந்தவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, திரையில் அவருடைய படத்தையே காட்டி விளக்குவார். கடைசியில், "இப்ப நான் என்ன சொன்னேன்? நீங்க சொல்லுங்க, கேக்கேன்" என்பார்.

களக்காட்டில் ஒரு அக்கா, வாழைத்தோட்டத்து வேலையைப் பாதியில் விட்டு வந்தவர். எல்லாம் கேட்டுவிட்டு, "ஒண்ணுமில்ல, மாத்திர தாரேன்னு சொன்னிய" என்றார். வெளியே வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

மேடம் சிரிக்கவில்லை. "நாந்தான் சரியாச் சொல்லல. மறுபடி சொல்லுதேன். இங்கன ஒரு நிழல் தெரியுது பாருங்க. அது கெட்ட கட்டியான்னு இந்த மெஷினுக்குத் தெரியாது. ஊசி போட்டு எடுத்துப் பாத்தாத்தான் தெரியும்."

அந்த அக்கா சரியாகச் சொல்லும்வரை விடவில்லை...

அப்புறம் புது சாஃப்ட்வேர் வந்தது. படத்தைக் கம்ப்யூட்டரே பார்த்து, சந்தேகமான இடத்தில் வட்டம் போட்டுவிடும். மேடத்துக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். நம் கண்ணுக்குத் தப்புவது அதன் கண்ணில் படும், நல்லதுதானே என்றார்.

அவர் சண்டை போட்டது ஆபீஸ் அடுத்து எடுத்த முடிவை எதிர்த்து. ரிசல்ட்டை இனி எஸ்.எம்.எஸ்.ஸில் அனுப்பினால் போதுமாம். இங்கிலீஷில் இரண்டு வரி, கீழே ஒரு லிங்க்.

பேட்டை கேம்புக்கு சபுரா அக்கா வந்தார். வீட்டுக்காரர் சவுதியில், தம்மாமில் வேலை பார்க்கிறார். போன் நம்பர் கேட்டால் அந்தப் பக்கத்துப் பெண்கள் பலர் வெளிநாட்டில் இருக்கிற வீட்டுக்காரர் நம்பரைத்தான் கொடுப்பார்கள். கேஸ் புக்கிங், ரேஷன், பேங்க் எல்லாம் அந்த நம்பரில்தானே இருக்கிறது. ஓ.டி.பி. வருவதற்காக அந்த சிம்மை அவர்களும் அங்கே உயிரோடு வைத்திருப்பார்கள்.

சபுரா அக்காவின் ரிசல்ட் தம்மாமுக்குப் போனது. தெரியாத லிங்க்கைத் தொடாதே என்று பேங்க்காரன் தினமும் சொல்கிறான். மனிதர் ஏமாற்று மெசேஜ் என்று அழித்துவிட்டார். அவர் மேல் என்ன தப்பு?

இங்கே சபுரா அக்கா, தகவல் எதுவும் வரவில்லை, அப்படியென்றால் நோய் இல்லை என்று நிம்மதியாக இருந்தார்.

ஊசிப் பரிசோதனைக்கு வரவேண்டியவர் ஏன் வரவில்லை என்று மேடம் ஆபீஸில் கேட்டார். மேனேஜர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். "டெலிவர்டுன்னு காட்டுதே மேடம்."

டெலிவர்டாம்.

மேடம் உடனே கிளம்பினார். ஆட்டோ பிடித்து என்னையும் கூட்டிக்கொண்டு பேட்டைக்குப் போனார். விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தோம். காய் நறுக்கிக்கொண்டிருந்த சபுரா அக்காவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து பையப் பைய எடுத்துச் சொன்னார். திருப்பிச் சொல்லச் சொன்னார். அக்கா அழுதுகொண்டே சொன்னார்.

நல்லவேளை, சின்னதாக இருக்கும்போதே கட்டியை எடுத்துவிட்டார்கள். இன்றைக்கு நன்றாக இருக்கிறார்.

அதற்கு மேடத்துக்குக் கிடைத்த மரியாதை என்ன தெரியுமா? அனுமதி இல்லாமல் நோயாளி வீட்டுக்குப் போனது தப்பு என்றார்கள். ஒரு ஆளுக்கு இவ்வளவு நேரம் எடுத்தால் கேம்ப் எப்படி முடியும் என்றார்கள். மெஷினே பார்க்கும்போது வண்டியில் டாக்டர் எதற்கு என்று அவரை இறக்கிவிட்டார்கள்.

இப்போதும் நான் படம் எடுக்கிறேன். மெசேஜ் போகிறது... எந்த ஊருக்கோ.

நாங்குநேரி கேம்பில் படம் எடுத்துக்கொண்டு போனவர்களில் எத்தனை பேர் தகவல் வரவில்லை என்று நிம்மதியாக இருக்கிறார்களோ. ஃபிளெக்ஸ் கட்டியவர்களே, உங்களுக்காவது தெரியுமா?

மேடம் இறந்த செய்தியையும் ஊழியர்களுக்கு எஸ்.எம்.எஸ்.ஸில்தான் அனுப்பினார்கள். இங்கிலீஷில் இரண்டு வரி. கீழே லிங்க். வெட்கமே கிடையாது.

இந்தப் பதிவைப் பார்த்து நாளைக்கு என்னை விசாரிக்கக் கூப்பிடுவார்கள். கூப்பிடட்டும்.

சபுரா அக்காவுக்கு நானே போன் செய்தேன். இப்போது அவர் கையில் சொந்த நம்பர் இருக்கிறது. மேடம் சொல்லி வாங்கியது.

"அக்கா, நம்ம சண்முகவடிவு மேடம் இன்னைக்குக் காலையில இறந்துட்டாவ. மாரடைப்பு. சாயந்தரம் எடுக்காவ."

அக்கா, கேட்டுதா என்றேன்.

"கேட்டுது... டாக்டரம்மா மவுத்தாயிட்டாவ. காலையில. சாயந்தரம் எடுக்காவ." பிறகு, "சரியாச் சொல்லிட்டனா?" என்றார்.

சரியாச் சொல்லிட்டிய அக்கா.

போய்ட்டு வாங்க மேடம்.