சின்னக் குடைக்குப் போவதா?

பாராசூட்டைப் பொறுத்தவரை பெரியதிலிருந்து சின்னதுக்குப் போவதுதான் முன்னேற்றம். இதை அம்மாவுக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. கோலார் தங்கவயலிலிருந்து பெங்களூர் காக்ஸ் டவுனுக்கு வந்து சேர்ந்த குடும்பம் எங்களுடையது. சம்பளம் ஏறினால் ஃப்ரிட்ஜ் பெரிதாகும், டிவி பெரிதாகும். அதுதான் எங்கள் வீட்டுக் கணக்கு.

"அல்லாரும் பெருசா வாங்குவாங்க, நீ இன்னா சின்னதுக்குப் போறேன்றே? கீற குடையே நல்லாத்தானே கீது?" என்றாள் அம்மா. எங்கள் வீட்டில் பாராசூட்டுக்குக் குடை என்றுதான் பெயர்.

நன்றாகத்தான் இருந்தது. அதுதான் சங்கடமே. என் குடை நூற்றுத்தொண்ணூறு சதுர அடி, பரம சாது. நான் தப்பாக இழுத்தாலும் கோபித்துக்கொள்ளாமல் மெல்லக் கொண்டுவந்து இறக்கிவிடும். நான் ஆசைப்பட்ட நூற்றெழுபது அப்படியில்லை. ஒரு பக்கம் லேசாக இழுத்தாலே வெடுக்கென்று திரும்பும். தரையும் வேகமாக வரும். இறங்குகிற நொடியில் இரண்டு கைப்பிடிகளையும் சரியாக இழுக்காவிட்டால் கணுக்கால் போச்சு. அப்படி ஒருவருக்குப் போனதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பிறகு ஏன் இந்த ஆசை? காற்றுதான் காரணம். நான் ஒல்லி. என் எடைக்கு அந்தக் குடை பெரியது. காற்று கொஞ்சம் பலத்தாலும் முன்னே போகாமல் அந்தரத்தில் நிற்கும், சில சமயம் பின்னுக்கே தள்ளும். அதனால் காற்று எழுந்துவிட்டால் அன்றைக்கு எனக்குக் குதிக்க அனுமதி இல்லை. நான் குதிப்பதே எப்போதாவது, அலுவலகத்தில் கெஞ்சி விடுப்பு வாங்கித் தாய்லாந்துக்குப் போய். அங்கே போயும் பெஞ்சில் உட்கார்ந்து, சின்னக் குடைக்காரர்கள் இறங்குவதைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருப்பேன். வயிறு எரியும்.

இந்த நேரம் பார்த்து, அங்கே பழக்கமான ஒரு பெண் தன் நூற்றெழுபதை விற்கப்போவதாகச் சொன்னாள். வார இறுதிக்குள் பதில் வேண்டுமாம். என் பயிற்சியாளரிடம் யோசனை கேட்டேன். மல்லேஸ்வரத்துக் கன்னடக்காரர், என்னைவிட இளையவர். என்னிடம் பாதி தமிழும் பாதி கன்னடமுமாகத்தான் பேசுவார். வாட்ஸ்அப்பில் ஆங்கில எழுத்தில் ஒரு வரி அனுப்பினார். 'மேடம், உங்களுக்கு ஒன் நைன்ட்டி' என்பதுவரை குழப்பமில்லை. அதற்குப் பின்னால் 'saaku' என்று ஒரு சொல் இருந்தது.

அந்தச் சொல்லைக் கன்னடமாக வாசித்தால் 'போதும்' என்று அர்த்தம். தமிழாக வாசித்தால் 'சாக்கு', நொண்டிச் சாக்கு. அதாவது, பயந்துபோய் அந்தக் குடைக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறீர்கள் மேடம் என்கிறார். இந்த ஊரிலேயே பிறந்தவள் நான். காய்கறிக்காரரிடம் தினமும் சொல்கிற கன்னடச் சொல் அது. வேறு விஷயமாக இருந்தால் யோசித்தே இருக்க மாட்டேன். தமிழில் எழுதிப் பார்த்தால் தெளியுமோ என்று ஒரு தாளில் எழுதினேன். அவசரத்தில் ஒரு 'க்' விட்டுப்போய் 'சாகு' என்று வந்து நின்றது. தாளைக் கசக்கிப் போட்டேன்.

காலையில் காபி குடிக்கும்போது அது கன்னடமாக இருக்கும். அப்பாடா என்றிருக்கும். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் தமிழாகிவிடும். இவர் யார் என்னைக் கோழை என்று சொல்ல என்று கோபம் பொத்துக்கொண்டு வரும். அலுவலகம் போய்ச் சேர்வதற்குள் இரண்டும் கலந்து தலை வலிக்கும்.

"ஒரு ஃபோன் போட்டுக் கேட்டா தீந்துச்சு. அத வுட்டுட்டு..." என்றார் என் கணவர்.

கேட்டால் தீர்ந்துவிடும் என்பதுதான் என் பயம். கடைசியில், கெடு முடிகிற அன்று கேட்டேன். பயிற்சியாளர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அய்யோ மேடம், கன்னடா மேடம் அது! போதும்னு சொன்னேன். வருஷம் பூரா குதிச்சா ஒன் செவன்ட்டி ஓகே. எப்பவோ ஒரு வாட்டி குதிக்கிறவங்களுக்கு பேடா, வேணாம். ஆமா, ஏன் அன்னிக்கே கேக்கல?"

"கன்ஃப்யூஸ் ஆயிட்டேன்."

"சரி, கீழ வரப்போ எதிர்ல ஒருத்தர் குறுக்க வராருன்னு வச்சுக்கோங்க. லெஃப்ட்டா ரைட்டான்னு அப்பவும் இப்படியா யோசிப்பீங்க?"

கேலியாகத்தான் கேட்டார். நானும் சிரித்தேன். ஃபோனை வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை. சின்னக் குடையில் குழம்புவதற்கு நேரமே இருக்காது. நானோ ஒரே ஒரு சொல்லோடு இத்தனை நாள் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

அந்தப் பெண்ணுக்கு வேண்டாம் என்று எழுதிவிட்டேன். குடையை உடனே வேறு யாரோ வாங்கிக்கொண்டார்களாம்.

"அதான் முடிவு பண்ணிட்டியே. இன்னும் ஏன் மூஞ்சி அப்படி கீது?" என்றார் கணவர்.

அவரிடம் என்ன சொல்வது? சரியான முடிவு என்று எனக்கும் தெரிகிறது, இருந்தும் அழுகை வருகிறது. அது தமிழ்ச் சொல்லாக இருந்திருந்தால், கோழை என்று பயிற்சியாளர் திட்டியிருந்தால், வீம்புக்காவது அன்றைக்கே வாங்கியிருப்பேன்.