செண்பகம் நின்ற களம்

நேற்று பஸ்ஸில் யாரோ சூடியிருந்த செண்பகம் மணத்தது. தொண்ணூறுகளில் எங்கள் செண்பக மரத்தை வெட்டச் சொன்னவன் நான். தீப்பெட்டிக் குச்சி காயும் களத்தில் அது நிழல் போட்டது. சிறுவயதில் அதன் மொட்டு உறை கழன்று மஞ்சளாய் விரிவதையும், முற்றிய காய் வெடித்துச் சிவப்பு விதைகள் நூலில் தொங்குவதையும் அண்ணாந்து பார்த்தே வளர்ந்திருந்தேன்.

எங்களிடம் வேலைபார்த்த மாரியம்மாள் தினமும் அந்த மரத்தில் ஒரு பூ பறித்து வைத்துக்கொள்வாள். "நெழலு ஒங்களக் கடிச்சுதா அண்ணாச்சி?" என்று மரம் சாய்ந்த அன்று கேட்டாள்.

வெட்கப்பட்டு, விழுந்த கிளைகளின் விதைகளைச் சோளவிதைபோல வெயிலில் நன்றாகக் காயவைத்து விதைத்தேன். முளைக்கவில்லை, ஈரம் போனால் செண்பக விதை செத்துவிடுமாம். பிறகு கன்று வாங்கி அதே இடத்தில் நட்டேன். ஐப்பசி மழையில் கரிசல் குழியில் தண்ணீர் தேங்கி வேர் அழுகிவிட்டது.

"காயவச்சுக் கொன்னிய, இப்ப ஊறவச்சும் கொன்னுட்டியளே!" என்று மாரியம்மாள் சிரித்தாள்.

அதன்பின் கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்தாள். அதற்கு வாசம் கிடையாது.