பிள்ளையைத் தப்பாகப் படிக்கச் சொன்ன அன்னக்கிளி

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு பென்னலூருக்கு வந்தவள் அன்னக்கிளி. கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் வேலை. லைனில் சூப்பர்வைசர், "பேசாம வேலையைப் பாரும்மா" என்றால், "கைதான சார் உங்களுக்கு வேணும், வாய் எதுக்கு?" என்பாள். கை வேகத்துக்காக அவளைப் பொறுத்துக்கொண்டார்கள்.

அவள் மகள் சுபஸ்ரீயைப் பொறுக்கத்தான் பள்ளிக்கூடத்தில் ஆளில்லை. நான்காம் வகுப்பு. பாடம் நடக்கும்போதே ஜன்னலுக்கு ஓடி, ரோட்டில் போகும் கண்டெய்னர் லாரிகளில் எழுதியிருப்பதைச் சத்தமாகப் படிப்பாள். கணக்கைப் பாதியில் விட்டு மீன் வரைவாள். வகுப்பாசிரியை சசிரேகா ஒருநாள் கையைக் கூப்பிவிட்டார். "டாக்டர்கிட்ட காட்டி சான்றிதழ் வாங்கிட்டு வாங்கம்மா. அப்பதான் இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்குன்னு வர்ற சிறப்பு டீச்சர்கிட்ட சொல்ல முடியும்."

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் புருஷன் மாசானம், "சேட்டை பண்ணுத பிள்ளைக்கு ஆஸ்பத்திரியா?" என்று சிரித்தான்.

"நீரு ஒருநாள் அவளுக்குச் சடை பின்னிப் பாரும். பொறவு பேசும்."

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் சிலமுறை வரச்சொல்லிப் பார்த்தார், டீச்சரிடமும் போனில் விசாரித்தார். பிறகு, "ஏ.டி.எச்.டி.தான். கவனம் ஓரிடத்துல நிக்காது, உடம்பும் சும்மா இருக்காது" என்றார்.

"அப்ப என் வளர்ப்புல குத்தமில்லையே?"

"இல்லவே இல்லைம்மா."

"இதை எங்க மாமியாருக்கு போன் போட்டுச் சொல்லுவீங்களா சார்?"

டாக்டர் சிரித்துவிட்டு இடியையும் இறக்கினார். மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் தருவதற்கான அரசுப் பட்டியலில் ஏ.டி.எச்.டி. என்ற பெயர் இல்லை. கூடவே கற்றல் குறைபாடு மாதிரி ஏதாவது இருந்தால் அதன்பேரில் கேட்கலாம். அடுத்த வாரம் படிக்க வைத்துப் பார்ப்பார்கள்.

"ஒரு குறை பத்தாது, இன்னொண்ணும் வேணுமாக்கும்?" என்று முனகிக்கொண்டே வெளியே வந்தாள் அன்னக்கிளி.

அடுத்த வாரம் பஸ்ஸிலேயே பாடம் நடத்தினாள். "ஏட்டி, படிக்கச் சொன்னா திக்கித் திக்கிப் படி. மரம்னு இருந்தா மடம்னு சொல்லு. பஜ்ஜி வாங்கித் தாரேன்." சுபஸ்ரீ தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினாள்.

உள்ளே போனதும் கொடுத்த பக்கத்தை ஒரே மூச்சில் படித்தாள். அடுத்து, சோதனை செய்த பெண்ணின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை. அப்புறம் சுவரில் எச்சில் துப்பாதே என்ற அறிவிப்பு. எல்லாம் முடித்துவிட்டு நாக்கைக் கடித்தாள். "ஐயோ, அம்மா தப்பாப் படிக்கச் சொன்னாங்க. மறந்துட்டேன்!"

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தார். அன்னக்கிளி அசரவில்லை. "பாத்தீங்களா மேடம்? மறதிதான் அவ வியாதியே. அதை எழுதிக்கிடுங்க."

சான்றிதழ் கிடைக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் பஜ்ஜி மட்டும் கிடைத்தது. மகள் அதைப் பிய்த்துக் காக்காய்க்குப் போட்டுக்கொண்டிருந்தபோது அன்னக்கிளிக்குக் கண் கலங்கிவிட்டது. படிக்கத் தெரிந்ததற்கா பிள்ளைக்குத் தண்டனை?

மறுவாரம் வேறொரு குழந்தைக்காகப் பள்ளிக்கு வந்த சிறப்பு ஆசிரியை செந்தாமரையை வாசலிலேயே மடக்கினாள். செந்தாமரை வாலாஜாபாத்துக்காரி, இன்னும் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"சான்றிதழ் இல்லாட்டா உங்ககிட்ட வரக்கூடாதாமே?"

"யாருக்கா சொன்னது? பரீச்சைல எக்ஸ்ட்ரா டைம் மாரி சலுகைக்கு அது வோணும். கிளாஸ்ல ஒத்தாச பண்றதுக்கு இன்னாத்துக்கு? புள்ளைய இட்டுக்கினு வாங்கக்கா."

செந்தாமரை சொன்னபடி சுபஸ்ரீ ஜன்னலை விட்டு முன் பெஞ்சுக்கு வந்தாள். பத்துக் கணக்கு என்பது இரண்டிரண்டாக உடைந்தது. நடுநடுவே எழுந்துபோய் கரும்பலகையைத் துடைத்துவிட்டு வரலாம். சசிரேகா முகம் சுளித்தார். "இவளோட சேத்து நாப்பது பேரும்மா எனக்கு. எல்லாருக்கும் இப்படி உடைச்சுக் குடுக்க முடியுமா?"

அன்னக்கிளி சண்டைக்குத்தான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு. "நாப்பது நண்டுகளை ஒத்தையில மேய்க்கது கஷ்டந்தான் டீச்சர். நானா இருந்தா ரெண்டாம் நாளே ஓடிருப்பேன்." சசிரேகா முதல்முறையாக அவளைப் பார்த்துச் சிரித்தார்.

மீன்கள் நிற்கவில்லை, ஆனால் கணக்குகள் முடிந்த பிறகு நீந்தின. சுபஸ்ரீ ஐந்தாம் வகுப்புக்குப் போனபோது, சசிரேகாவே புது டீச்சரிடம் போய் எங்கே உட்காரவைப்பது, எப்போது எழுந்து நடக்க விடுவது என்று விளக்கினார். பரீட்சையில் கூடுதல் நேரம் மட்டும் இன்றுவரை இல்லை. அதற்காக அன்னக்கிளி டாக்டரைப் போய்ப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். அவளைக் கண்டதும் அவரே அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போடுகிறார்.